நீக்குவதற்காக நியமிக்கப்பட்ட ஹாலிஸ்டர்

ஆஷ்போர்ட் பேஸ்பால் அணி அந்த வருடமும் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியது. ஆகவே மேனேஜரை நீக்கிவிட்டு, புதியவரைத் தேர்ந்தெடுக்க உயர்மட்டக் குழு கூடியது. பல வருடமாகத் துணை மேனேஜராகக் குப்பை கொட்டிய ஓர்வில், இந்தத் தடவை பதவி தனக்குத்தான் என்று புதுத் தொப்பியோடு வந்து உட்கார்ந்தான்.

"கிளெம் ஹாலிஸ்டரை எடுக்கலாமா?" என்றார் தலைவி ஹேவர்கேம்ப்.

"அந்தக் கிழவரையா? அஞ்சு ஊர்ல கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின ஆளு மேடம்!" என்று பதறினான் ஓர்வில்.

"அதுக்குப் பேருதான்யா அனுபவம். உன்னை எத்தனை பேர் தள்ளியிருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"பாத்தியா?"

புள்ளிவிவர அதிகாரி பிரென்ட் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு கவனிங்க. இவரை வெளியே அனுப்பின அஞ்சு அணியும் அடுத்த வருஷமே கோப்பை வாங்கியிருக்கு."

"அப்போ நாமளும் நீக்கிட வேண்டியதுதான்!"

"நீக்கணும்னா முதல்ல எடுக்கணுமே மேடம்."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. ஹாலிஸ்டர் ஏகமனதாக நியமிக்கப்பட்டார். அவரை நீக்கியதும் பதவி ஓர்விலுக்கு என்றும் முடிவானதால், அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

வந்த மனுஷன் காரியத்தையே கெடுத்தார். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, நடுவரோடு மல்லுக்கு நின்று, அணியை ஜெயிக்க வைத்துவிட்டார். ஊரே கூத்தாடியது. ஓர்வில் தலைவியிடம் ஓடினான்.

"மேடம், இப்படியே விட்டா இந்த வருஷமே கோப்பை வந்துடும்!"

"ஐயையோ! அப்போ நம்ம திட்டம் என்னாவறது?"

அணியின் எதிர்கால நலன் கருதி, இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் ஹாலிஸ்டர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் கோபப்படவில்லை. பழகிப்போன வேலை. விதைப் பையை ஓர்வில் கையில் திணித்து, "வச்சுக்கோப்பா, தோக்கும்போது கொறிக்க ஆகும்," என்றார்.

இறுதிப் போட்டி போச்சு. அடுத்த வருடம் விதை ஒரே மாதத்தில் தீர்ந்தது, கடைசி இடமும் பத்திரமாகத் திரும்பி வந்தது. குழு மறுபடி கூடியது.

"திட்டம் சரிதான், நடைமுறையிலதான் கோளாறு," என்றான் பிரென்ட். "மத்தவங்க தோக்கறப்போ நீக்கினாங்க. நாம ஜெயிக்கறப்போ நீக்கிட்டோம். திரும்ப எடுத்து, முறைப்படி நீக்கணும்."

"அப்போ நான்?" என்றான் ஓர்வில்.

"உன்னை நீக்கியாச்சு. வாழ்த்துகள்யா, இனிமே நீயும் அனுபவஸ்தன்," என்றார் தலைவி.

தொங்கிய தலையோடு காரை நெருங்குவதற்குள் அவனுடைய போன் அடித்தது. பக்கத்து ஊர் அணியின் தலைவர்.

"உங்களை நீக்கிட்டாங்களாமே சார், ரொம்ப சந்தோஷம்! எப்போ வர்றீங்க?"

ஓர்வில் உஷாராகக் கேட்டான்.

"எடுக்கவா, நீக்கவா?"

"ரெண்டுக்கும்தான் சார்."