இருவர் மட்டும் செல்லும் படகில் இருபத்தெட்டுப் பேர்

ஒரே பெண்மணியிடம், ஒரே படகில், ஒரே மூச்சில், இருபத்தேழு பேர் சேர்ந்து "கல்யாணம் பண்ணிக்குறீங்களா?" என்று கேட்டு, அத்தனை பேரும் ஓர் அறைகூட வாங்காமல் கரை திரும்பிய பெருமை இந்தப் பூமியில் எங்கள் கால்வாய் நகரம் ஒன்றுக்குத்தான் உண்டு. நம்ப முடியாதவர்கள் வரிசையில் நிற்கலாம். வரிசை ஏற்கெனவே நீளம்.

இந்தப் பெருமை தானாக வந்துவிடவில்லை. கால்வாய் மகிழ்வுப் பயண வாரியம் என்ற மகத்தான அமைப்பின் ஒன்பது கூட்டங்களின் விளைவு அது. நகரத்தில் காதல் "கவலைக்குரிய அளவில்" குறைந்து வருவதாக வாரியம் கண்டுபிடித்தது. எப்படிக் கண்டுபிடித்தது என்று கேட்கக் கூடாது. ஏழு உறுப்பினர்களும் அவரவர் வீட்டில் விசாரித்துப் பார்த்திருப்பார்கள். உடனே "இருவர் மட்டும்" என்ற திட்டம் பிறந்தது. மாலை நேரம், இருவர், ஒரு படகு, ஆளுக்கு இரண்டு கோப்பை பானம்.

பானத்துக்கென்று தனித் துணைக்குழு. மது வேண்டும் என்று மூவர், கூடாது என்று மூவர். தலைவர் எழுந்து, "மது இருக்கலாம், மதுவின் விளைவு இருக்கக் கூடாது" என்று அருளினார். அதன்படி பழரசத்தில் ஒரு சொட்டு வைன் விட்டு, இளஞ்சிவப்பு நிறமேற்றி, மேலே காகிதக் குடை நட்டு ஒரு திரவம் தயாரானது. குடிப்பவருக்கு எதுவும் ஆகாது. குடைக்கு மட்டும் சற்று நேரத்தில் தலை சுற்றிச் சாய்ந்துவிடும்.

படகு, முன்பு பாறாங்கல் ஏற்றிய பழைய சரக்குப் படகு. இளஞ்சிவப்புச் சாயம் அடித்ததும் அது "காதல் படகு" ஆகிவிட்டது. அடித்தட்டில் பாரத்துக்காகக் கற்கள் கிடந்தன. "கல்லைக் கட்டிக்கொண்டா காதலிப்பார்கள்?" என்று ஓர் உறுப்பினர் உருகிக் கேட்க, கற்கள் அகற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, தகரத்தில் வெட்டிய பதினாறு இதயங்கள் வளைவாகப் படகின் மேல் பற்றவைக்கப்பட்டன. வழியில் குனிப்பாலம் என்றொரு பாலம் இருப்பதை யாரும் மறக்கவில்லை. அதன் உயரத்தை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

திட்டத்தின் முதல் காதலராக முன்பதிவு செய்தவர் எடைக்காரர். எடை, அளவு முத்திரைத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்த்தால் போதும், கிலோ கணக்கில் சொல்லிவிடுவார். ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. அதனாலேயே அவருக்கு நண்பர்கள் குறைவு.

அவர் மனதுக்குள் இருந்தவள் சந்தைத் தெருவில் தையல் கடை வைத்திருந்த டெய்லரம்மா. இரண்டு வருடமாக ஒரே கால்சட்டையைக் கொண்டுபோய், "இடுப்பு கொஞ்சம் பிடிக்குது", அடுத்த வாரம் "இடுப்பு கொஞ்சம் தளருது" என்று மாற்றி மாற்றித் தைக்கக் கொடுத்தார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. இப்போது டெய்லரம்மா கடையை மூடிவிட்டாள். தையல் மிஷின் மரப்பெட்டிக்குள் போய்விட்டது. நாளைக் காலை ஏழு மணி ரயிலில் தன் ஊருக்குக் கூட்டிப்போக அவள் அக்கா வந்து இறங்கியிருந்தாள். கேட்பதென்றால் இன்று மாலை. இல்லையென்றால் இல்லை.

எடைக்காரரின் தைரியமெல்லாம் வாரியத்தின் கால அட்டவணையில் இருந்தது. 6.10 ஏறுதல். 6.20 முதல் பானம். 6.25 புன்னகை. 6.35 இரண்டாம் பானம். 6.40 குனிப்பாலத்தின் அடியில் கேள்வி. 6.42 பதில். அரசாங்க வேலை பார்த்தவருக்கு நேரம் போட்டுக் கொடுத்துவிட்டால் எதையும் செய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

படித்துறையில் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த ஆளா? ரெண்டு வருஷமா தரையில தொறக்காத வாய் தண்ணியில தொறந்துடுமா?"

"அக்கா, அவர் காதுல விழும்."

"விழட்டும். விழுந்தா எத்தன கிலோன்னு பாத்துக்கட்டும்."

படகு கிளம்பியது. கரையோரமாகவே அக்காவும் நடந்தாள். காதல் படகு அவ்வளவு வேகம். முதல் பானம் ஆனது. 6.25க்கு எடைக்காரர் புன்னகைத்தார். டெய்லரம்மா அட்டவணையைப் பார்க்காமலேயே 6.24க்குப் புன்னகைத்துவிட்டாள். எடைக்காரருக்குள் ஏதோ ஒரு தராசுத் தட்டு குதித்தது.

6.33க்கு "டங்" என்று ஒரு சத்தம். முன்னால் இருந்த தகர இதயம் பாலத்தில் முட்டி நசுங்கியிருந்தது.

படகோட்டி துடுப்பை ஊன்றி நிறுத்தினார். "தண்ணி ஏறியிருக்குங்க. நாலு விரக்கடை உசரம் இடிக்குது."

தண்ணீர் ஏறியதற்கும் வாரியமே காரணம். புகைப்படத்தில் கால்வாய் நிறைந்து தெரிய வேண்டும் என்று மதகைத் திறக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தது. அந்தப் புகைப்படக்காரர்களோ பாலத்துக்கு அந்தப் பக்கம் முக்காலியை நட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வாரியத் தலைவரும் ஆறு உறுப்பினர்களும் இந்தப் பக்கம், பாலத்தடியில், பூங்கொத்தோடு நின்றார்கள்.

"திருப்புய்யா படகை!" என்றார் தலைவர்.

"கால்வாய் அகலத்தவிட படகு நீளம் சார்."

"வளைவைக் கழட்டு!"

குறிப்பெழுதும் உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "பற்றவைத்த அரசுச் சொத்து. கழற்ற ஒப்பந்தப்புள்ளி கோரணும் சார். முப்பது நாள்."

"அப்ப முப்பது நாள் இங்கயே காதலிக்கச் சொல்றியா?"

படகோட்டி தலையைச் சொறிந்தார். "கல் ஏத்தின காலத்துல லோடோட வந்தா சுளுவா நுழைஞ்சிடும். காலியா திரும்பினாத்தான் இடிக்கும். கனம் இருந்தா படகு அமுங்கும் சார். கல்லுங்களத்தான் தூக்கிப் போட்டுட்டீங்களே."

எல்லோரும் எடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் படகின் நீளத்தைப் பார்த்தார், அகலத்தைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது கிலோ வேணும்."

"அவ்வளவு கல்லுக்கு எங்க போறது?" என்றார் தலைவர்.

எடைக்காரர் தலைவரையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

தலைவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நகரத்தின் காதலுக்காக எந்தத் தியாகத்துக்கும் தயார் என்று சொல்லியபடி ஏறினார். "நான் தொண்ணூத்தஞ்சு. எழுதிக்கோங்க."

"நூத்திப் பதினெட்டு சார்."

"பதவியும் சேத்தா?"

"பதவிக்கு எடை கிடையாது சார்."

டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே ஆறு உறுப்பினர்களும் ஏறினார்கள். மொத்தம் அறுநூற்று இருபத்தெட்டு. கரையில் எடை குறைப்புச் சங்கத்தார் பன்னிரண்டு பேர் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் கையைப் பிடித்து ஏற்றினார்கள்.

"மூணு மாசமா வெறும் இலை தழையத் தின்னு ஒன்பது கிலோ எறக்கினேன்," என்று சங்கச் செயலாளர் விம்மினார். "இன்னிக்குப் போய் கனம் வேணும்னு கேக்குறீங்களே! எங்க கூட்டத்துல நான் எப்படி மூஞ்சியக் காட்டுவேன்?"

வரவேற்புக்கு வந்திருந்த வாத்தியக் குழு ஐவர், வாத்தியங்களோடு முந்நூற்றைம்பது. பெரிய பித்தளை ஊதுகுழல்காரருக்கு உட்கார இடமில்லாமல், அவர் எடைக்காரருக்கும் டெய்லரம்மாவுக்கும் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. இருவருக்கான இரண்டாம் பானத்தைத் தலைவர் தவறுதலாகக் குடித்து முடித்திருந்தார். திட்டம் மற்றபடி செவ்வனே நடந்துகொண்டிருந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு," என்றார் எடைக்காரர். "இன்னும் அறுபத்தாறு."

கரையில் மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். "நான் அம்பத்தெட்டு. நான் ஏறினாலும் பத்தாது. எல்லாரும் எறங்குங்க, வீட்டுக்குப் போவோம்."

எடைக்காரருக்கு வேர்த்தது. ஐம்பத்தெட்டு என்று ஒப்புக்கொண்டால் படகு நுழையாது. உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்குள் அவர் நுழைய முடியாது. டெய்லரம்மாவைப் பார்த்தார். அக்காவுக்கு வருடா வருடம் உடுப்பு தைத்துக் கொடுப்பவள் அவள். எல்லா அளவும் தெரிந்தவள், கால்வாயின் அழகை ரசிப்பவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"மன்னிக்கணும்," என்றார் எடைக்காரர். "அறுபத்தெட்டு."

"பையோட சேத்தா?"

"பை இல்லாம. பை ரெண்டரை."

டெய்லரம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் படகே இரண்டு விரற்கடை ஆடியது.

"சிரிக்கிறியா? சிரி!" அக்கா தடாலென்று படகில் குதித்தாள். "ரெண்டு வருஷம் கழிச்சு இந்த மனுசன் வாயத் தொறந்தது என் எடையச் சொல்லத்தான்! பாலத்துக்கடியில இவரு ஊமையா உக்காந்திருக்கிறத என் கண்ணால பாத்துட்டு, காலைல உன்ன இழுத்துட்டுப் போறேன்."

"கேட்டுட்டார்னா?"

"கேட்டுட்டார்னா நான் தனியாப் போறேன்."

படகு ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது. இதயங்கள் பாலத்தை உரசியும் உரசாமலும் உள்ளே நுழைந்தன. ஒரே இருட்டு. இருபத்தெட்டுப் பேரும் முழங்காலுக்கு நடுவே தலையை வைத்துக் குனிந்திருந்தார்கள். மணி 6.40.

"வந்து..." என்றார் எடைக்காரர்.

எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"வந்து... நீங்க நாளைக்கு... ரயில்ல... கூட்டம் அதிகமா இருக்குமோ?"

"பாத்தியா!" என்று இருட்டில் அக்காவின் குரல்.

அப்போது படகு நின்றது. படகோட்டி துடுப்பை ஊன்றிவிட்டார். "ஐயா, கேக்க வேண்டியதக் கேளுங்க. அதுவரைக்கும் நான் தள்ளப் போறதில்ல."

"யோவ், என் கழுத்து!" என்று தலைவர் அலறினார். "கேளுய்யா!"

"என் முட்டி!" என்றார் சங்கச் செயலாளர். "சார், சீக்கிரம் கேளுங்க சார்!"

எடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இருட்டில் அது தேவையே இல்லை. ஊதுகுழலின் பித்தளை வயிற்றைச் சுற்றிக் கையை நீட்டி, தடவித் தடவி, ஊசி குத்திக் காய்த்த ஒரு விரலைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் போகாதீங்க," என்றார். "என்னைக் கல்... கல்யா..."

அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

படகு முழுக்க மூச்சைப் பிடித்தது. கழுத்து, முதுகு, முட்டி எல்லாம் ஒரே நேரத்தில் பொறுமை இழந்தன. "...ணம் பண்ணிக்குறீங்களா?" என்று தலைவர், உறுப்பினர்கள், சங்கம், வாத்தியக் குழு, படகோட்டி எல்லோரும் ஒரே குரலில் முடித்து வைத்தார்கள். நாக்கு விடுபட்ட எடைக்காரரும் அதில் சேர்ந்துகொண்டார். பாலம் அதை ஏழு முறை திருப்பிச் சொன்னது.

எதிரொலி அடங்கியதும் டெய்லரம்மா நிதானமாகக் கேட்டாள். "இத்தன பேர்ல நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"எனக்கு," என்றார் எடைக்காரர். இந்த முறை நடுவில் தடங்கல் இல்லை.

"ரெண்டு வருஷமா அந்தக் கால்சட்டையப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறேன். உங்க இடுப்பு ஒரு நூல்கூட மாறல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" விரலை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. "சரி."

படகோட்டி ஒரு தள்ளு தள்ளினார்.

பாலத்தைத் தாண்டியதும் புகைப்படக்காரர்கள்! "படுங்க!" என்று தலைவர் உத்தரவிட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் இருபத்தாறு பேரும் அடித்தட்டில் அடுக்கு அடுக்காகப் படுத்துக்கொண்டார்கள். மேலே இளஞ்சிவப்புத் துணி இழுத்துவிடப்பட்டது. படத்தில் இருவர் மட்டுமே விழுந்தார்கள். ஊதுகுழலின் வாய் மட்டும் துணிக்கு வெளியே நின்றது. மறுநாள் பத்திரிகை அதைப் பூச்சாடி என்று எழுதியது.

அன்று இறங்கிய படித்துறையிலேயே வாரியத்தின் அவசரக் கூட்டம் கூடியது. குறிப்பெழுதும் உறுப்பினர் வாசித்தார். "படகில் விதிப்படி இருவர் மட்டுமே பயணித்தனர். வேறு யாரும் ஏறவில்லை. எனவே வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. பயணம் நூறு சதவிகித வெற்றி."

"அப்ப பாலத்துக்கடியில நடந்தது?" என்றார் எடைக்காரர்.

"ஒருவர் கேட்பதே கேள்வி. கூட்டமாகக் கேட்பது கூச்சல். கூச்சலுக்குச் சொன்ன பதில் செல்லாது." தலைவர் கழுத்தைத் தடவிக்கொண்டே கனிவாகச் சொன்னார். "இந்தக் குறிப்பை மறுப்பதாக இருந்தால் பயணியின் இரத்த உறவு ஒருவர் சாட்சி சொல்லணும். மத்தவங்க சொன்னா ஏத்துக்க விதி இல்ல."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கைப்பையைத் திறந்தாள். இரண்டு ரயில் சீட்டுகளை எடுத்தாள். 'ஆமாம், கூச்சல்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் கனம் எவ்வளவு என்று எடைக்காரருக்கே அப்போது தெரியவில்லை.

அக்கா தங்கையைப் பார்த்தாள். எடைக்காரரைப் பார்த்தாள். ஒரு சீட்டை நிதானமாக நான்காகக் கிழித்தாள்.

"நடந்துச்சு," என்றாள் தலைவரிடம். "இந்த மனுசன்தான் மொதல்ல கேட்டாரு, பாதியில நின்னாரு. கழுத்து வலி தாங்காம நானும்தான் சேர்ந்து கேட்டேன். எல்லாருக்கும் முன்னாடி உங்க சத்தம்தான் சார் எனக்குக் கேட்டுச்சு. ஒன்பது கூட்டம் போட்டீங்க, ஒரு பாலத்த அளக்கல. இந்த வாரியம் பொறந்ததுலேருந்து உருப்படியா செஞ்ச ஒரே வேல, இன்னிக்கு ஏறிக் கனமா உக்காந்ததுதான். அதையும் போய் செய்யலங்கிறீங்களே!"