கரட்டுப் பாதையில் கட்டுத்துணி

ஆர்டர் கொடுக்கப்போகிறவர் பேசும்போது என் கழுத்து என் பேச்சைக் கேட்காது. அவர் எதைச் சொன்னாலும் அதுபாட்டுக்கு ஆடும். வியாபாரிகள் எல்லோருக்கும் கொஞ்சம் உள்ள வியாதிதான். எனக்கு முற்றிவிட்டது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. தறி, பேக்கிங், வரவுசெலவு எல்லாம் என் மனைவி ராஜியின் பொறுப்பு. வாய் மட்டும் நான். (இந்தப் பாகப்பிரிவினையும் அவள் செய்ததுதான்.)

கோயம்புத்தூரிலிருந்து பிரபாகர் என்று ஒருவர் பேசினார். மருந்துக்கடைகளுக்கு மொத்தமாகச் சப்ளை செய்கிறவர். அவருடைய ஆர்டர் கிடைத்தால் எங்கள் தறிகளுக்கு ஓய்வே இருக்காது. சாம்பிளைப் பார்க்க நேரில் வருவதாகச் சொன்னவர், பேச்சை முடிக்கும்போது, "உங்க ஊர்ல மலையடிவாரமா நல்ல கிராவல் ரூட் இருக்குதாமுங்களே? நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்றார்.

"உயிர் சார்!" என்றேன்.

நான் கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை காலையில், கார் முதுகில் இரண்டு சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார் பிரபாகர். கிராவல் பைக் என்றால் சரளைக்கல்லிலும் மண்பாதையிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. கைப்பிடி ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்திருக்கும். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, அவர் கொண்டுவந்ததில் பெல்லும் கிடையாது. இவ்வளவும் இல்லாததால் விலை அதிகம்.

எனக்கென்று உடுப்பும் கொண்டுவந்திருந்தார். உடம்போடு ஒட்டும் கறுப்பு அரைக்கால் டவுசர், உட்காருமிடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது ராஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏங்க, நானும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் பெருமாளப் பாக்கப் போறோம். தங்கச்சிக்குப் பேசி முடிச்ச புதுச் சம்பந்தி வீட்டுக்காரவியளும் வாராவ. இந்தக் கோலத்துல அந்தப் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றாள்.

"நாங்க காட்டுப் பக்கம் போறோம்டி" என்றேன் கம்பீரமாக. மெத்தை அனுமதித்த அளவுக்குக் கம்பீரம்.

அடுத்து ஷூ. மிதிக்கட்டையில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் வகை. "கழட்டோணும்னா குதிகால வெளிய திருப்புனாப் போதுமுங்க, சுளுவு" என்றார் பிரபாகர். கழுத்து ஆடியது. காது கேட்கவில்லை. கவனமெல்லாம் டவுசரில் இருந்தது.

கிளம்பியபோது சுகமாகத்தான் இருந்தது. தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளுமாக மலையை ஒட்டியே செம்மண் பாதை. மலை உச்சியில் மேகம் படுத்திருந்தது. பிரபாகர் குழந்தை மாதிரி கூவிக்கொண்டே முன்னால் போனார். பேண்டேஜ் விற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செண்பகத்தோப்பு வனத்துறைச் சாவடி வந்ததும் நின்றோம். பிரபாகர் நின்றார் என்பதே சரி. நானும் நின்றேன், சைக்கிள் நின்றது, ஷூ கழலவில்லை. வெட்டிய வாழைமரம்போல் சைக்கிளோடு சாய்ந்து காவலரின் பூட்ஸ் மேலேயே போய் விழுந்தேன்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "எந்திரிங்க சார். கால்ல விழுந்தாலும் கேட்டுக்கு உள்ள விட மாட்டோம்" என்றார். "தோப்பு ஓரமா ஆத்துப் பாதை போகுது. அதுல போங்க." பிரபாகர்தான் என் காலைப் பிடித்து ஷூவைக் கழற்றி எழுப்பிவிட்டார்; எப்படிக் கழற்றினார் என்று நான் கவனிக்கவில்லை.

ஆற்றுப் பாதை திடீரென்று சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. முழுக்க உருண்டைக் கல். "பிரேக் புடிக்காதீங்க!" என்று பிரபாகர் கத்தினார். நான் இருந்த பிரேக்கையெல்லாம் பிடித்தேன். மற்றவர்கள் சைக்கிளிலிருந்து விழுவார்கள். எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. சைக்கிளும் நானும் தம்பதி சமேதராக ஆற்றில் விழுந்தோம். மறுபடியும் பிரபாகர்தான் எங்களைப் பிரித்துவிட்டார்.

முழங்காலில் நல்ல சிராய்ப்பு. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, வியாபாரம் வந்தது. முதுகுப் பையில் சாம்பிள் ரோல் இருந்ததே!

"கட்டுங்க சார். முழு ரோலும் சுத்துங்க. துணியப் பாருங்க, எம்புட்டு மெதுவா இருக்கு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிரபாகர் சுற்றினார். தொடையில் ஆரம்பித்துக் கெண்டைக்கால்வரை சுற்றினார். "துணி பரவாயில்லீங்க" என்றார். காயம் ஆறிவிட்டது போலிருந்தது.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக ஏற்பாடு. தோப்புகளுக்குள் ஒரு பிரிவில் பிரபாகரின் போன் காட்டிய பாதையில் திரும்பினோம். அது ஒரு சரிவில் ஏறி இறங்கியது. இறங்கும்போதுதான், கீழே தெரியும் பந்தலும் கூட்டமும் திருவண்ணாமலை அடிவாரம் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் சைக்கிள் வேகம் பிடித்துவிட்டது. பெல் இல்லாததால் நானே "டிரிங்! டிரிங்!" என்று கத்தினேன்.

கூட்டம் விலகி வழிவிட்டது. நின்றால் விழுவேன்; ஊரே பார்க்க விழுவதற்கு மனமில்லை. அதனால் கூட்டம் கலையும்வரை சுற்றிக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்தேன். (புரட்டாசி சனிக்கிழமை கூட்டம் கலையும்வரை!) கடைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் வட்டமடிக்கத் தொடங்கினேன். ஈரத்தில் அவிழ்ந்த பேண்டேஜ் எனக்குப் பின்னால் வெள்ளை வாலாகப் பறந்து வந்தது.

"ஏலே, தள்ளி நில்லுலே, அவரு திரும்பி வாராரு!" என்று யாரோ யாரையோ இழுத்தார்கள்.

அடுத்த சுற்றில் அவர்களைப் பார்த்தேன். ராஜி, அவள் அம்மா, அவர்களுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் புதுச் சம்பந்தி வீட்டார், கையில் புளியோதரையோடு.

"ஏங்க! நில்லுங்க!"

"நிக்கத் தெரியலட்டி!"

ராஜி யோசிக்கவில்லை. பறந்து வந்த வாலை எட்டிப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தாள். கட்டு இறுகி என் கால் வெளிப்பக்கமாகத் திரும்பியது. 'டக்!' ஷூ கழன்றது. பிரபாகர் சொன்ன சுளுவான வழி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கால் விடுதலையான மகிழ்ச்சியில் பூக்கடைத் துளசிக் குவியலுக்குள் அலறிக்கொண்டே விழுந்து இரண்டு முறை புரண்டேன்.

என்னை அதுவரை பார்த்திராத சம்பந்தியம்மா மெதுவாக, "இவிய யாரு?" என்று கேட்டார்.

என் மாமியார் கண்கூட இமைக்கவில்லை. "எங்க மூத்த மாப்பிள்ளைதான். நேத்திக்கடன்."

"என்ன நேத்திக்கடன்?"

"கால்ல துணியக் கட்டி, ஈர உடுப்போட சைக்கிள்ல சுத்தி வந்து, துளசியில உருளணும். கொழுந்தியா கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டியிருந்தாவ."

சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேண்டேஜின் நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் துளசிக்குள் படுத்தபடியே கும்பிட்டேன்.

பின்னால் வந்து சேர்ந்த பிரபாகர், ராஜியின் கையிலிருந்த துணியை வாங்கி இழுத்துப் பார்த்தார். "இத்தனைக்கும் கிழியலீங்களே!" ஆர்டர் அங்கேயே முடிவானது. "இனிமே பேச்செல்லாம் மேடம்கிட்டயே வச்சுக்கறனுங்க" என்றும் சொல்லிவிட்டார். அன்றோடு என் வாய்க்கும் வேலை போயிற்று.

கொழுந்தியாளின் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. வினை அதோடு முடிந்திருக்கலாம். அடுத்த புரட்டாசியில் சம்பந்தியம்மா போன் செய்தார். அவருடைய அண்ணன் மகன் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்கிறானாம். அந்த நேர்த்திக்கடனுக்குத் துணி எத்தனை முழம் வேண்டும் என்று கேட்டார். பையன் அப்படியே செய்தான். அவனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது.

இப்போது அந்தச் சொந்தத்தில் விசா வேண்டியவர், வரன் வேண்டியவர் என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அடிவாரத்தில் சைக்கிளில் வட்டமடிக்கிறார். துணி எங்கள் கம்பெனி உபயம். குறைசொல்லித் திருத்துவது என் மாமியாரின் பொறுப்பு.

"உருளுறது பத்தாது. எங்க மாப்பிள்ள மொதத் தடவ உருண்டப்ப அலறுனாவ பாருங்க, அந்தப் பக்தி இதுல இல்ல."