பனி பெய்தால் சிவப்பு

சேசு மரி சூசை

மார்சிலிங், சிங்கப்பூர்
பிப்ரவரி 9, திங்கட்கிழமை

வின்னிபெக் நகரில் குடியிருக்கும் அன்புத் தம்பி லாசரஸுக்கு, உன் அண்ணன் இருதயராஜ் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி லொரைனும் இறைவன் அருளால் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அதில் எழுதினால் நீ ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். காகிதம் என்றால் பிரித்துப் படித்தே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். உன்னால் என் வேலை போகப் போகிறது. இருபத்தொரு வருஷமாகத் தெம்பனிஸ் ஆபீசில் உட்கார்ந்து, பல் டாக்டருக்கும் பாலர் பள்ளிக்கும் கோழிச்சோறு விற்கிறவருக்கும் செயலி வடிவமைத்துக் கொடுத்தவன் நான். போன ஆகஸ்டில் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அந்த ஊரில் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்கி வருவதற்குக் காசு கொடுக்கிறார்கள். எந்தச் சரிவில் எவ்வளவு பனி கிடக்கிறது, காற்று எப்படி, மேலே தூக்கிப் போகிற நாற்காலி ஓடுகிறதா என்று காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பார்களாம். அதற்கு ஒரு பழைய செயலி இருந்தது, எல்லாம் எறும்பு மாதிரி குட்டி எழுத்து. அதைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். எங்கள் குழுவில் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் பனியைக் கண்ணால் கண்டதில்லை. மிச்சமிருந்த ஒருவன் என் மேனேஜர் கீத், தேனிலவுக்குக் கொரியாவுக்குப் போய் மூன்று நாள் ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். நான் அந்த ஆபீசில் சேர்ந்தபோது அவன் தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்த பையன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்தக் கீத் சொன்னான், “அங்கிள், ஸ்னோல இருக்குற யூசர்கிட்ட பேசணும். அது இல்லாம டிசைன் பண்ண முடியாது லா.” நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, “என் சொந்தத் தம்பியே பதினோரு வருஷமா பனியிலதான் குடியிருக்கான்”னு மார்தட்டினேன். எனக்கு வேண்டும், இன்னமும் வேண்டும்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பனியில் நிற்கிறவன் தடித்த கையுறை போட்டிருப்பான், அந்தக் கையோடு பட்டனை அழுத்த முடிய வேண்டும் அல்லவா? கையுறைக்கு எங்கே போவேன், உன் அண்ணி கேக் தட்டை ஓவன் அடுப்பிலிருந்து எடுக்கிற துணி உறையை எடுத்துக்கொண்டேன். “ஆபீஸ் பிராஜெக்ட்டுக்கு என்னோட கிளவுஸ்தான் கிடைச்சுச்சா லா? கேக் சுடுற நேரத்துல இந்த மனுசன் எங்க போறாருன்னு பாரு!” என்று அவள் கத்தக் கத்த, தேக்கா மார்க்கெட்டுக்குப் போய், மீன் விற்கிற சேக் தாவூதின் குளிர் அறைக்குள் நாற்பது நிமிடம் நின்று, பூப்போட்ட உறையைக் கையில் மாட்டிக்கொண்டு போனைக் குத்திக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை, “அண்ணே, வீட்டுல எதுவும் பிரச்சனையா? வாங்க, வெளிய வந்து சூடா ஒரு தே தாரிக் டீ குடிங்க” என்றார். பட்டன் இன்றைக்கும் பிரமாதமாக வேலை செய்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

இனி உன் கதைக்கு வருகிறேன். நவம்பரில் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பனி, அது நல்லதா கெட்டதா? நீ குரல் பதிவில் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். “கேக்காதீங்கண்ணே, சனியன் அது! வெளிய கால வைக்க முடியாது. வாசல வெட்டணும், காரத் தோண்டணும், இடுப்பு கழண்டுரும். பனி இல்லாத அன்னைக்குத்தான் நான் மனுசன்.” இப்படி ஏழு பதிவு அனுப்பினாய், ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடம். எனக்கு வேண்டியது முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டேன். சாரத்தை எடுத்துக்கொண்டு சக்கையை விடுவதுதான் ஆய்வு.

அதுவும் இல்லாமல், நமக்குத் தெரிந்த வானிலை என்ன? மழை. போனில் நம் பேட்டை மேல் சிவப்பாக ஒரு திட்டு வந்தால் குடையை எடு, இல்லை வீட்டிலேயே கிட. வானத்திலிருந்து எது கொட்டினாலும் அது தொல்லைதான் என்று பிறந்ததிலிருந்து பழகிய ஆட்கள் நாங்கள். நீயும் அதையே சொன்னாய், பொருத்தம் பத்துக்குப் பத்து. பனி முழங்காலுக்கு வந்தால் திரை முழுக்கச் சிவப்பு, குறுக்கே கோடு போட்ட பூட்ஸ் படம், கீழே ‘இன்று வெளியே செல்ல வேண்டாம்’. தரை காய்ந்து கிடந்தால் பச்சை, சிரிக்கிற சூரியன், ‘அருமையான நாள், கிளம்புங்கள்!’. நவம்பரில் ஆஸ்திரியாக்காரர்களுக்குக் காட்டியபோது அந்த மலையில் இன்னும் பனி விழவில்லை. எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. அழகாக இருக்கிறது என்று கைதட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி மூன்றாம் வாரம் அங்கே எட்டு வருஷத்தில் இல்லாத பனி. அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் தேர்த் திருவிழா. எங்கள் செயலியோ மலை முழுவதையும் சிவப்பாக்கி, யாரும் வராதீர்கள் என்று சொல்லிவிட்டது. நாற்காலிகள் காலியாகவே மேலே போய்க் காலியாகவே கீழே வந்தனவாம். அடுத்த வாரம் மழை பெய்து பனியெல்லாம் கரைந்து கல்லும் மண்ணும் தெரிந்தபோது, சூரியன் சிரித்து எல்லாரையும் கூப்பிட்டது. குடும்பத்தோடு கிளம்பிப் போய்ச் சேற்றில் நின்றிருக்கிறார்கள். ஒருவன் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறான்: ‘இதை வடிவமைத்தவருக்குப் பனி ஜென்மப் பகை.’ அது நானில்லைடா, நீ!

கீத் என்னைக் கூப்பிட்டான். “அங்கிள், ஸ்னோ விழுந்தாத்தான் அவங்க போவாங்க. அதுக்குத்தான் ஆப்பே!”

“அப்ப என் தம்பி சொன்னது?”

“உங்க தம்பி ஸ்கீ பண்ணுவாரா?”

எனக்கு என்ன தெரியும்? நான் கேட்கவில்லை. அவன் போனில் உன் ஊரை எடுத்துக் காட்டினான். “வின்னிபெக்ல மலையே இல்ல, அங்கிள்.” தோசைக்கல் மாதிரி கிடக்கிறது உன் ஊர். பதினோரு வருஷமாகச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பனியில் நின்று பல்லைக் காட்டிப் படம் அனுப்புகிறாயே, ‘அண்ணே, இங்க மலை இல்ல, எனக்குச் சறுக்கவும் தெரியாது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உன் நாக்கு வெந்தா போயிருக்கும்? ஐம்பத்தைந்து வயதில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான் என்று நினைத்தாய்?

வெள்ளிக்கிழமை பெரிய மேடம் முன்னால் விசாரணை. ஆய்வுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். உன் ஏழு பதிவையும் கொடுக்கப் போகிறேன். ஆங்கிலத்தில் எழுதித் தருவதற்கு எங்கள் ஆபீஸ் அனுப்ரியாவிடம் கொடுத்தும் ஆயிற்று. பழி உன்மேல் விழட்டும், உன்னை அங்கே வந்து யாரும் வேலையை விட்டுத் தூக்கப் போவதில்லை. இனி கிறிஸ்துமஸ் வாழ்த்து, படம், ஒன்றும் எனக்கு அனுப்பாதே. நீ யாரோ, நான் யாரோ.

அண்ணன் என்ற முறையில் முடிக்க வேண்டிய விதத்தில் முடிக்கிறேன். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. நான் இப்போதைக்கு அந்த நிலையில் இல்லை.

இப்படிக்கு,
உன்னால் கெட்ட அண்ணன்
இருதயராஜ்

பி.கு. சனிக்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அனுப்ரியா என் மேசைக்கு வந்து, “அங்கிள், ஏழையும் கேட்டுட்டேன். ஸ்னோ பத்தி ஒரே ஒரு நிமிஷம்தான் இருக்கு. மிச்சத்தையும் டிரான்ஸ்லேட் பண்ணணுமா?” என்றாள். மிச்சம் என்ன என்று கேட்டேன். ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

“படியில வழுக்கி விழுந்து கை முறிஞ்சு போச்சுண்ணே. ஒத்தக் கையாலதான் வாசல வெட்டுறேன். இங்க யாருகிட்டயும் சொல்லல. ஒரு பத்து நாளு வந்து கூட இருந்துட்டுப் போறீங்களாண்ணே? டிக்கெட் நான் போடுறேன்.” அது மூன்றாவது பதிவு. ஏழாவதில், “சரி விடுங்கண்ணே, ஆபீஸ்ல பிஸியா இருப்பீங்க” என்கிறாய். நீ பேசி மூன்று மாதம் ஆகிறது லாசரஸ்.

விசாரணையில் பதிவுகளைக் கொடுக்கவில்லை. நிறம் என் சொந்த முடிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாத நோட்டீஸ். மார்ச் பதினாறாம் தேதி அங்கே வந்து சேருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றால் லொரைன் விடவில்லை. “அதையும் அனுப்புங்க லா. அண்ணன் எப்படிப்பட்ட ஆளுன்னு தம்பிக்குத் தெரியட்டும்” என்கிறாள். அனுப்புகிறேன்.

ஏழு பதிவையும் இரண்டு தடவை முழுசாகக் கேட்டேன். எந்தக் கை என்று நீ எதிலுமே சொல்லவில்லை. எந்தக் கைடா?