மொந்தேராஸ்கோவின் ஆடும் கோபுரம்

டேப்லெட் திரையில் அந்தக் கோடு மறுபடியும் துள்ளியது. சில்வேரியோ திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தான்.

"ஆடுதா?" என்றார் பாதிரியார் தெரென்சியோ.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஃபாதர், நீங்க ரெண்டடி பின்னால நில்லுங்க."

பாதிரியார் தெருமுனைக்கே போய்விட்டார்.

நிலநடுக்கத்தில் மொந்தேராஸ்கோ தேவாலயத்தின் கூரை முழுவதும் விழுந்திருந்தது. எண்ணூறு வருஷத்து மணிக்கோபுரம் மட்டும் விரிசல்களோடு நின்றது. அதை முட்டுக் கொடுத்துக் காப்பாற்றலாமா, இடித்துவிடுவதா என்று அன்று மதியத்துக்குள் சொல்லவேண்டியவன் பொறியாளர் சில்வேரியோ. அதிர்வு அளக்கும் கருவிகளெல்லாம் பெரிய ஊர்களுக்குப் போய்விட்டன. இவனுக்குக் கிடைத்தது ஒரு செயலி. அதைப் போனில் இறக்கி, போனைச் சுவரில் ஒட்டிவிட்டால் கட்டடத்தின் ஆட்டம் டேப்லெட்டில் தெரியும். காலையில் தீயணைப்பு அதிகாரி ரேமோ ஏணி வண்டியில் ஏறி, சில்வேரியோவின் போனை மணிக்குப் பக்கத்துக் கல்லில் ஒட்டிவிட்டு இறங்கியிருந்தார்.

அப்போதிருந்து இதே கதைதான். கோடு துள்ளும், அடங்கும், மறுபடி துள்ளும். காற்று இல்லை. பின்னதிர்வும் இல்லை.

"நிவாரண முகாம் சமையல்கட்டு ஜெனரேட்டர்தான் காரணம். நிறுத்தச் சொல்லுங்க" என்றான்.

நிறுத்தினார்கள். பாஸ்தா பாதி வேக்காட்டில் நின்றது. வீடு இடிந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்ட ஊர், இதைப் பொறுக்காமல் சதுக்கத்தில் வந்து கூடிவிட்டது.

"யாருய்யா அடுப்பை அணைக்கச் சொன்னது?"

கோடு துள்ளியது. இத்தனை பேர் கால் பட்டால் துள்ளாமல் என்ன செய்யும்? சில்வேரியோ ஒலிபெருக்கியை எடுத்தான். "எல்லாரும் தயவுசெஞ்சு சதுக்கத்தை விட்டுப் போயிடுங்க! கோபுரம் ஆடுது!"

சதுக்கம் காலியானது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

மைக் பிடித்த பெண் கேமராவைப் பார்த்துப் பேசினாள்: "மொந்தேராஸ்கோ கோபுரம் எந்த நேரமும் விழலாம். இளம் பொறியாளர் சில்வேரியோ உயிரைப் பொருட்படுத்தாமல் அதன் அடியிலேயே நிற்கிறார்!"

கோடு விடாமல் துள்ளத் தொடங்கியது. திரை மஞ்சளானது.

ரேமோ எட்டிப் பார்த்தார். "தம்பி, கேமராவைக் கண்டா எங்க மேயர் ஆடுவாரு. கோபுரமுமா ஆடும்?"

"விளையாடாதீங்கண்ணே. எனக்கே பயமா இருக்கு."

"ஜனங்க அதுக்கு மேல நடுங்குறாங்க. நீயே டிவியில தைரியமா ரெண்டு வார்த்தை சொல்லு."

சில்வேரியோ கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். "பயப்பட ஒன்றுமே இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள், மேலே ஒரு புறா எழுந்து பறந்தது. அது தட்டிவிட்ட காரைத்துண்டு அவன் ஹெல்மெட்டில் டொக்கென்று விழுந்தது. நாடே பார்த்தது.

கோட்டுக்குப் பேய் பிடித்துவிட்டது. திரை சிவப்பானது.

"மேல போய் அந்தப் போனை ஒரு தடவை பாத்துட்டு வரட்டுமா?" என்றார் ரேமோ.

"சிவப்புல இருக்கும்போது ஆளை ஏத்தினா என்னை உள்ள தள்ளிடுவாங்க. இடிக்கிற வண்டியைக் கூப்பிடுங்க."

வண்டி வந்தது. அதன் நீளமான இரும்புக் கை எழும்பியதும் பாதிரியார் ஓடிவந்து சில்வேரியோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் போயிட்டா இந்த ஊர்ல என்னப்பா மிச்சம்? ஊரை விட்டுப் போனவங்க எதை நம்பித் திரும்பி வருவாங்க?"

"நான் என்ன ஃபாதர் செய்ய? கோடு சொல்லுது!"

"உன் கண்ணு என்ன சொல்லுது?"

சில்வேரியோ அண்ணாந்து பார்த்தான். விரிசல்களின் குறுக்கே அவனே ஒட்டிய கண்ணாடிப் பட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை. சுவர் துளி நகர்ந்திருந்தாலும் அவை உடைந்திருக்க வேண்டும். கண்ணாடி ஒன்று சொல்கிறது, போன் ஒன்று சொல்கிறது. கண்ணாடியை நம்பிக் கோபுரம் விழுந்தால் கீழே இருக்கிற வீடுகள் போகும். போனை நம்பி இடித்தால், நின்றிருக்கக்கூடிய கோபுரம் போகும்.

அப்போது கோடு சட்டென்று அடங்கியது. நேர்க்கோடு. துளி அசைவில்லை.

"நின்னுடுச்சு!" பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

சில்வேரியோ மறுப்பாகத் தலையசைத்தான். "இது நல்லதில்லை ஃபாதர். விழறதுக்கு முன்னாலதான் இப்படி அமைதியா இருக்கும்." எங்கே படித்தோம் என்று அவனுக்கே நினைவில்லை. ஆனாலும் கையை உயர்த்தினான். அது இறங்கினால் இரும்புக் கை கோபுரத்தில் இறங்கும்.

"இன்ஜினியர் தம்பீ!"

சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்துக் காப்பிக் கடையிலிருந்து கடைக்காரி ஒத்தாவியா தலையை நீட்டினாள். கையில் கடை போனின் ரிசீவர்; சுருள் கம்பி அறுந்துவிடும்போல இழுபட்டிருந்தது.

"தம்பீ, உங்க அம்மா லைன்ல இருக்காங்க! அந்தக் கோபுரத்தை விட்டு இந்தப் பக்கம் வரணுமாம், காலையிலேர்ந்து கூப்பிட்டும் எடுக்கலையாம்! 'வழக்கம்போல வைப்ரேட்ல போட்டு எங்கயாவது வச்சிருப்பான், அவன் எடுக்கற வரைக்கும் அது அதிர்ந்துக்கிட்டே கிடக்கட்டும்'னு ஒரே திட்டு!"