ஸ்கேன் அறை விவரம் அக்கா

உடைந்த எலும்பின் படத்தைக்கூடக் குடும்ப விவரம் சேர்க்காமல் வெளியூருக்கு அனுப்ப மறுத்த ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் விவரம் அக்காதான்.

ஏலமலைமேல், ஆனைக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆறு வருஷம் ஆண் நர்ஸாக இருந்தேன். எங்கள் கேஷுவாலிட்டியில் ஸ்கேன் மெஷின் உண்டு. படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர் கிடையாது. படம் இன்டர்நெட்டில் எர்ணாகுளத்துக்குப் போகும். அங்கே ஒரு டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். அவர் முகத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை.

படம் எடுத்து அனுப்புவது அக்காவின் வேலை. ஏலத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஞானஸ்நானப் பெயர் நீளமாக ஏதோ உண்டு. அது கழுத்தில் தொங்கிய அட்டையோடு சரி.

படத்தோடு நோயாளியின் விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கும். டியூட்டி டாக்டர்கள் அதில் "விழுந்தார், தலைவலி" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு பார்சலுக்கே இதவிடக் கூட எழுதுவாங்கல்லா!"

அதையெல்லாம் அழித்துவிட்டுத் தன் சொந்த இங்கிலீஷில் ஆரம்பிப்பார். 'வயது ஐம்பத்தெட்டு. கங்காணி. வழுக்கி விழுந்ததாகச் சொல்லுகிறார். மனைவி வேறு மாதிரி சொல்லுகிறார். மனைவியை நம்பவும்.' கட்டம் நிறைந்துவிடும். மிச்சத்தைப் போனில் சொல்லுவார்.

"சேச்சி, எனக்குப் படம் மதி. கதை வேண்டா" என்றார் எர்ணாகுளத்து டாக்டர்.

"கதையில்லாம சினிமாக்காரனே படம் எடுக்க மாட்டான், டாக்டரே."

ஒருநாள் ஜீப்பில் அடிபட்ட ஒருவரின் தலைப் படத்துக்கு 'கோளாறு ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. அக்கா உடனே போனைப் போட்டார். "வலது கையால டம்ளரப் புடிக்க முடியல, டாக்டரே. நான் கொடுத்த காப்பி என் சேலைலதான் இருக்கு. இடது பக்கத்த இன்னொரு தடவ பாருங்க."

டாக்டர் பார்த்தார். மெல்லிய கோடு போல ரத்தம் கட்டியிருந்தது. எங்களிடம் மூளை ஆபரேஷன் செய்யும் டாக்டர் கிடையாது. அதற்கு மலையிறங்க வேண்டும். அன்று வழி திறந்திருந்தது. ஆள் பிழைத்தார். அதற்குப் பிறகு அந்த டாக்டர் கதை வேண்டாம் என்று சொன்னதேயில்லை.

மழை வந்தால் நெட் படுத்துவிடும். பாதிப் படம் போய் நிற்கும். அக்கா வராந்தாவுக்கு வந்து, "யாரும் வீடியோ பாக்கக்கூடாது!" என்று போன்களைப் பிடுங்குவார். ஜெபிக்க வந்த பங்குச் சாமியார் போனில் பைபிள் திறந்தார். அதையும் வாங்கிக்கொண்டார். "சாமி, நீங்க நேரா மேல பேசுங்க. நெட்டு எங்களுக்கு வேணும்."

தோட்டத்தில் வேலை செய்த செல்வியைக் கொண்டுவந்த அன்றும் மழை. ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது கிளை முறிந்து தலையில் விழுந்திருந்தது. பேசிக்கொண்டுதான் வந்தாள். தன்னைத் தூக்கிவந்தவர்களிடம், "உங்களுக்கெல்லாம் அரைநாள் கூலி போச்சே" என்று வருத்தப்பட்டாள்.

அதிசயமாக அன்று நெட் நிற்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் எர்ணாகுளத்திலிருந்து போன். மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் சேர்கிறது, உடனே திறந்து எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் கம்பம்மெட்டு வழியில் மரம் விழுந்து கிடந்தது. குமுளி இறக்கத்தில் மண் சரிந்திருந்தது. மிச்சமிருந்தது கோட்டயம், மூன்று மணி நேரம். ஆம்புலன்ஸில் நானும் அக்காவும் ஏறினோம். ஸ்கேன் அறையை விட்டு அவர் இப்படி வந்ததேயில்லை.

குட்டிக்கானம் தாண்டுமுன் செல்வியின் பேச்சு குழறியது. டாக்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார். "எவிட எத்தி, சேச்சி?" அக்கா ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முண்டக்கயத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த அழைப்பையும் அக்காதான் எடுத்தார்.

"ரிப்போர்ட்டு சரியாத்தான் இருந்துச்சு, டாக்டரே. உங்க மேல ஒரு தப்பும் கிடையாது."



பிறகு அக்கா, மலைமேல் ஒரு ஆபரேஷன் டாக்டர் வேண்டும் என்று யார் யாருக்கோ மனு எழுதினார். வழக்கம்போல நீளமாக எழுதினார். 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு பதில் வந்தது. இன்னும் வேகமாகப் படம் அனுப்ப ஒரு புதுக் கம்ப்யூட்டரும் வந்தது. அக்கா அதன் உறையைப் பிரிக்கவே ஒரு வாரம் ஆனது.

எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்த வாரம் அக்கா கூப்பிட்டார்.

"ஏந் தம்பி, அங்க மண்டையத் தொறக்க டாக்டரு இருக்காரா?"

"மூணு பேர் இருக்காங்கக்கா."

"எங்க இருக்காங்க?"

"ரெண்டாவது மாடில."



"லிப்ட்டு ஓடுதா?"

"ஓடுதுக்கா. அதுக்கு முன்னாலதான் நிக்கிறேன்."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. ஆம்புலன்ஸில்கூட அழாதவர். போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவர் அழுது முடிக்கும்வரை அந்த லிப்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.