நூற்றுவர் தலைவரின் தகரக் கவசம்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ரோமாபுரிப் படைக்கு நேரடியாக ஆள் எடுத்திருந்தால், எங்கள் பக்கத்துப் போர்ஷன்காரர் ஒருவர்தான் தேறியிருப்பார். பிழைப்புக்குக் கூரியர் ஆபீஸ். ஆனால் பெரிய வெள்ளியன்று தெருத்தெருவாகப் போகும் மாதா கோயில் சிலுவைப்பாடு நாடகத்தில் வருஷா வருஷம் நூறு ரோம வீரர்களுக்குத் தலைவன் வேஷம். தெருவுக்கே அவர் 'நூற்றுவர் தலைவர்'.

ஒரு வருஷம் அட்டைக் கவசம் வியர்வையில் ஊறி நடுத்தெருவில் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த ஓட்டை பனியனைப் பார்த்து ஊரே சிரித்தது. மறுநாளே பழைய எண்ணெய் டின்களை வாங்கிவந்துவிட்டார்.

வீடு ஒரே அறை. கட்டில், அடுப்பு, பீரோ போக மீதியில் ஒருவர் நிற்கலாம்; அவர் திரும்ப வேண்டுமென்றால் மனைவி ஸ்டெல்லா வெளியே வர வேண்டும். டின்னைப் பட்டை பட்டையாக வெட்டி, எல்லோருக்கும் பொதுவான துவைக்கிற கல்லில் வைத்துத் தட்டினார். எங்கள் துணிகள் அழுக்காகவே இருந்தன. தகடுகள் கட்டிலுக்கு மேலே கயிற்றில் தொங்கியதால் அவர்கள் ஃபேன் போடுவதையே விட்டுவிட்டார்கள். மார்புக் கவசத்தில் ஸ்டெல்லா வத்தல் காயவைத்தார்.

"அவுரு கோவிச்சுக்கலையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஈட்டியத் தாங்குறது வத்தலத் தாங்காதான்னு கேட்டேன். அவரே வத்தலத் திருப்பிப் போட்டுட்டுப் போறாரு."

கவசம் பிரமாதமாக வந்தது. தோளிலிருந்து முழங்கால் வரை தகடு. ஹெல்மெட் உச்சியில் சிவப்புச் சாயம் போட்ட துடைப்பம். ஒரே குறை, அதைப் போட்டு நடந்து பார்க்க வீட்டில் இடமில்லை. முதுகு வாரை நான் இழுத்துக் கட்டிவிட, நின்று மட்டும் பார்த்திருந்தார்.

பெரிய வெள்ளியன்று வெயிலில் தகதகவென்று வந்தார். யாரும் சிரிக்கவில்லை. நாலாவது அடியில் முழங்கால் தகடுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள, குப்புற விழுந்தார். கவசம் வளையாததால் எழவும் முடியவில்லை.

சிலுவை சுமந்து முன்னால் போன இயேசு திரும்பிப் பார்த்தார். நிஜத்தில் பைக் மெக்கானிக். சிலுவையை இறக்கி வைத்துவிட்டு வந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"எழுந்திருங்க மாமா. இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

கீழே கிடந்த, தன்னை அடிப்பதற்கான சாட்டையையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வருஷம் அதையும் ஒரு காட்சியாக நாடகத்தில் சேர்த்தபோது நூற்றுவர் தலைவருக்குத்தான் வருத்தம். "ரோமன் வுழ மாட்டான் சார்," என்றார் என்னிடம்.

போன வருஷம் வேலை மாறி சிதம்பரம் அண்ணாமலை நகர் பக்கம் குடிபோய்விட்டார். சென்ற வாரம் போன் வந்தது.

"இங்க பெரிய ஹால் சார். கவசத்தோட ஓடியே பாக்கலாம். முதுகுப் பக்கம் வார் இழுத்துக் கட்டத்தான் ஆள் இல்ல."

"ஸ்டெல்லா இருக்காங்களே?"

"அவ கட்டுனா லூசா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.