பிணம் சிரிக்கவில்லை

"எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்து சிரிச்சியா இல்லியா?" என்று சொர்ணம் கேட்டபோது தேவராஜின் வாயில் முழு இட்லி ஒன்று இருந்தது.

"எதுக்குச் சிரிக்கணும்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது.

முந்தின நாள் நெமிலிச்சேரியில் ஒரு வீட்டில் சீரியல் ஷூட்டிங். தேவராஜ் நடித்துவந்த ரவுடிப் பெரியப்பா செத்துப்போகிற காட்சி. பாடை, மாலை, மூக்கில் பஞ்சு எல்லாம் உண்டு. பிணமாகப் படுப்பவர், எழுவதற்கு முன் அதே கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும். அப்போதுதான் சாவு நடிப்போடு போகும். இது சினிமாக்காரர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தேவராஜுக்கோ மறுநாள் காலையில் முட்டி ஆபரேஷன். மயக்க ஊசி போடுவார்கள். மயங்கியவர் கண் திறக்க வேண்டுமே என்று சொர்ணம் ஒரு வாரமாகவே சரியாகத் தூங்கவில்லை.

"சிரிச்சேன், சிரிச்சேன்," என்றார் தேவராஜ் காதைச் சொறிந்துகொண்டு.

காதைச் சொறிந்தால் பொய். சொர்ணம் வாசல் பக்கம் திரும்பினாள். "பக்தவத்சலம் அண்ணே, நீங்கதானே ஷூட்டிங்குக்கு இட்டுகினு போனீங்க. சிரிச்சாரா?"

பக்தவத்சலம் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இருவரும் ஜோடியாக மேடையேறிய மல்யுத்த வீரர்கள். திருவள்ளூர், அரக்கோணம் என்று ஊர் ஊராகக் கொட்டகை போட்டு டிக்கெட் விற்ற மல்யுத்தம். தேவராஜுக்கு அப்போது 'இரும்பு' என்று பட்டம். மேடையில் ஒருநாளும் பல்லைக் காட்டாதவர் என்று பெயர். அந்த முறைப்புதான் பிறகு சினிமாவிலும் டிவியிலும் சோறு போட்டது. பக்தவத்சலத்துக்குச் சோறு போட்டது ஆட்டோ.

"பொணம் சிரிக்கல தங்கச்சி. எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் அவர். "சிரிக்காட்டி இன்னா ஆவும்?"

"ஆளு பூடுவாங்கண்ணே."

பக்தவத்சலம் டம்ளரைக் கீழே வைத்தார். தேவராஜ் அவரை முறைத்தார். மேடையில்கூட அப்படி முறைத்ததில்லை.

சொர்ணம் செல்போனை நீட்டினாள். "இதப் பாத்து சிரி."

தேவராஜுக்குத் தெரிந்தது ஒரே சிரிப்பு, வில்லன் சிரிப்பு. தொண்டையைக் கனைத்து அதை எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை அலறியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த சுலோசனா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"செல்போன்லாம் செல்லாதுக்கா. எந்தக் கேமரா பொணமா புடிச்சுதோ, அந்தக் கேமராதான் உசுரோடயும் புடிக்கணும்."

சொர்ணம் சீரியல் கம்பெனிக்குப் போன் போட்டாள். உதவி இயக்குநர் கௌதம் எடுத்தான். "கேமரா மத்தியானம் ஹைதராபாத் போகுதும்மா. இன்னும் நெமிலிச்சேரிலதான் இருக்கோம், சாமான் ஏத்திக்கிட்டு."

"சாயங்காலம் ஆஸ்பத்திரியில சேரணும் சொர்ணம். இப்போ எங்க அலையறது?" என்றார் தேவராஜ்.

"ஏறுய்யா ஆட்டோல," என்றது பக்தவத்சலம். சொர்ணம் செருப்புப் போடுவதற்குள் அவர் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

அண்ணனூரிலிருந்து ஆட்டோ குண்டுக்கும் குழிக்கும் கவலைப்படாமல் பறந்தது. தேவராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா போடா."

"உசுரு பெரிசா முட்டி பெரிசா?"

இவரல்லவா நண்பர் என்று சொர்ணத்துக்குக் கண் கலங்கியது. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்புக் காய்த்த பெரிய கை. அது இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சொர்ணம், ஒண்ணு சொல்லட்டா," என்று தேவராஜ் இழுத்தார்.

"சிரிச்சிட்டு வந்து சொல்லு."

ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாள் தேவராஜை அடையாளம் கண்டுகொண்டாள். "தம்பி பொண்ணயே ஊட்ட வுட்டுத் தொரத்துனவன் இவன்தான்டி." நாலைந்து பெண்கள் இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள். கேட் திறந்தும் வழிவிடவில்லை.

"வுடுங்கம்மா," என்றாள் சொர்ணம் பதற்றத்தில். "அவரு நேத்தே செத்துட்டாரு."

வழி விட்டார்கள். ஆனால் ஆட்டோ பட்டாபிராமைத் தாண்டுவதற்குள் பூந்தமல்லியிலிருந்து நாத்தனார் விஜி போனில் ஒப்பாரி வைத்தாள். "அண்ணி, நடிகர் தேவராஜ் காலமானாருன்னு வாட்ஸப்புல வந்துகினே கீது. எப்ப எடுக்கறீங்க?"

"உங்க அண்ணன் எம் பக்கத்துலதான்டி உக்காந்துகினு கீறாரு."

"மொதல்ல அப்படித்தான் அண்ணி தோணும். எங்க மாமனாரு போனப்போ எங்க மாமியாரும் இதேதான் சொன்னாங்க. மனச வுட்டுடாதீங்க, நான் மாலையோட வரேன்."

சொர்ணம் போனை அணைத்தாள். சிரிக்காமல் வந்ததற்கு அதற்குள் மாலை புறப்பட்டுவிட்டது. "அண்ணே, சீக்கிரம்," என்றாள். பக்தவத்சலம் ஏற்கெனவே வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டபடி ஒரு லாரியை இடதுபக்கமாக முந்திக்கொண்டிருந்தார்.

நெமிலிச்சேரியில் கேமரா வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. சொர்ணம் குறுக்கே போய் நின்றாள்.

"ஒரே ஒரு சிரிப்பு சார். நாளைக்கு ஆபரேஷன். எனக்கு இவர விட்டா யாரும் இல்ல."

கேமராமேன் ஸ்ரீநாத் மறுபேச்சுப் பேசாமல் கேமராவை இறக்கி ஸ்டாண்டில் பொருத்தினார். கௌதம் மட்டும் எதையோ சொல்ல வாயெடுத்து, தேவராஜின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"வா," என்றாள் சொர்ணம்.

"வேணாம் சொர்ணம். வீட்டுக்குப் போலாம்." இரும்பு தேவராஜின் காதுமடல் சிவந்திருந்தது.

"எனக்காக வாய்யா," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார். பின்னாலிருந்து தடதடவென்று ஓடிவந்த பக்தவத்சலம் அவரைத் தோளால் தள்ளிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒதுங்கு மாமே. மாலை போட்டா கூசுதுன்னு நீ கெக்கேபிக்கேன்னு சிரிச்சிகினே இருந்ததுக்கு, மூஞ்சில துணியப் போட்டு என்னத்தானே படுக்க வச்சாங்க?"